நங்கூரத்தில் கிடக்கும் பாய்மரப் படகில் வெந்நீரும் கரண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் ஊரை ஒட்டி, மூன்று பேர் பங்குபோட்டு வாங்கிய 32 அடிப் பாய்மரப் படகு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. 1980-களில் கட்டியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லீவு கிடைக்கும்போதெல்லாம் மல் தீவு, ஸ்கை தீவு என்று சுற்றி, ஆளரவமற்ற இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டுவிடுவோம். கூட வருகிறவர்கள், படகு வாங்கும் ஆசையில் இருப்பவர்கள், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டே விஷயம்: வெந்நீருக்கு என்ன செய்கிறீர்கள், கரண்டுக்கு என்ன செய்கிறீர்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

மரினாவில் கட்டியிருப்பதற்கும் நங்கூரத்தில் கிடப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

மரினா என்பது படகுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் துறை. அங்கே மேடையிலேயே 230 வோல்ட் கரண்ட் இருக்கும். நீல நிற 16 ஆம்பியர் பிளக்கைச் செருகினால் ஹீட்டர், கெட்டில், பேட்டரி சார்ஜர் எல்லாம் வீட்டில் ஓடுவது போல ஓடும். அந்த ஒயரைச் சுருட்டி உள்ளே போட்டுக் கயிற்றை அவிழ்த்த நிமிடத்திலிருந்து கையில் இருப்பவை மூன்றுதான்: 12 வோல்ட் பேட்டரி, டீசல் டாங்க், கேஸ் சிலிண்டர். பவர் கட் ஆன வீடு மாதிரிதான். ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட முடியாது, அவ்வளவே.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது ஒரே விஷயத்தைத்தான்: சூட்டுக் கணக்கு வேறு, கரண்ட் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே பேட்டரியின் தலையில் கட்டப் பார்க்கிறவர்கள்தான் முதல் சீசனிலேயே நொந்துபோகிறார்கள்.

வெந்நீர் போட அப்படி எவ்வளவு சக்தி வேண்டும்? ஊரில் கீசர் ஸ்விட்சைத் தட்டினால் வந்துவிடுகிறதே?

வருகிறது, ஏனென்றால் பின்னால் ஒரு மின்நிலையமே நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். எங்கள் தண்ணீர் டாங்க் படகின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அதிலுள்ள தண்ணீரின் சூடு வெளியே இருக்கும் கடலின் சூடுதான். கோடையிலும் இங்கே கடல் 13, 14 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். மே மாதத்தில் 10-ஐ ஒட்டி நிற்கும். 12 டிகிரி என்று வைத்துக்கொண்டு 20 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் 1,100 வாட்-மணி ஆகிறது. ஈ.பி. பில் கணக்கில் ஒரு யூனிட்டும் கொஞ்சமும்.

வீட்டில் ஒரு யூனிட் ஒரு பொருட்டே இல்லை. படகில்? எங்களிடம் 110 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இரண்டு இருந்தன. 12 வோல்ட்டில் மொத்தம் 2,640 வாட்-மணி. ஆனால் இந்த வகை பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை அடிக்கடி முழுக்கக் காலி செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆக, கைக்கு வருவது 1,300 வாட்-மணி. 20 லிட்டர் வெந்நீர் போட்டால் அன்றைய கரண்ட் கிட்டத்தட்ட அத்தனையும் காலி. விளக்கு, ஃப்ரிட்ஜ், ரேடியோ எல்லாவற்றுக்கும் மிச்சம் இருப்பது வெறுங்கை.

இப்போது டீசலைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலுக்குள் ஏறத்தாழ 10 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. சூடு வேண்டுமென்றால் எதையாவது எரி, பேட்டரியைத் தொடாதே. எங்கள் படகில் இதுதான் சட்டம்.

அப்படியானால் வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

இன்ஜினிலிருந்து. டீசல் இன்ஜின் எரிக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குதான் புரொபெல்லரைச் சுற்றுகிறது. தோராயமாக ஒரு பங்கு புகையோடு போகிறது; இன்னொரு பங்கு இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரில் சூடாக இறங்குகிறது. கடலில் கொட்டிவிடவேண்டிய அந்தச் சூட்டைத்தான் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

இதற்கான சாமானுக்கு கேலரிஃபயர் என்று பெயர். பெயர்தான் பெரிது. பழைய வீடுகளில் செம்பு பாய்லர் வைத்திருப்பார்களே, நடுக்குழாயில் கரியைப் போட்டால் சுற்றியுள்ள தண்ணீர் சுடும், அந்த வித்தைதான் இது. இங்கே நடுக்குழாயில் நெருப்புக்குப் பதில் ஒரு சுருள் குழாய். இன்ஜினின் 80 டிகிரி கூலன்ட் அந்தச் சுருளுக்குள் ஓடுகிறது. வெளியே நிற்கும் குடிதண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. டாங்கைச் சுற்றி நுரைப் பஞ்சு கனமாகப் போர்த்தியிருக்கும். அதிலேயே ஒரு 230 வோல்ட் ஹீட்டர் ராடும் இருக்கும். மரினாவில் கட்டியிருந்தால் அதை ஓட்டிக்கொள்ளலாம்.

எங்களுடையது 20 லிட்டர். ஓபனிலிருந்து மல் தீவிலுள்ள டோபர்மோரி போகும்போது, துறையைவிட்டு வெளியேற ஒரு இருபது நிமிடம், உள்ளே நுழைய ஒரு இருபது நிமிடம் இன்ஜின் எப்படியும் ஓடும். அது போதும், டாங்க் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதைக் குடிதண்ணீர் டாங்கின் பச்சைத்தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரி வெந்நீர் 30 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சிக்கனமாகக் குளித்தால் மூன்று பேருக்கு ஆகும். மறுநாள் காலையிலும் பாத்திரம் கழுவ, முகம் கழுவ இதமான சூடு மிச்சமிருக்கும். இதற்காகத் தனியாக ஒரு சொட்டு டீசல்கூட எரிக்கவில்லை என்பதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிற ஆள் நான்.

ஒரு எச்சரிக்கை. டாங்கிலிருந்து வரும் தண்ணீர் 75 டிகிரிகூட இருக்கலாம். குழாய்க்கு முன்னால் சூடும் குளிரும் தானாகக் கலக்கும் மிக்ஸிங் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். நாங்கள் வாங்கியபோது படகில் அது இல்லை, எங்களுக்கும் தெரியவில்லை. முதல் வாரமே நண்பர் ஒருவர் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்து புறங்கையைச் சுட்டுக்கொண்டார். பிரஷர் குக்கர் ஆவி அடித்த மாதிரி தோல் உரிந்துவிட்டது. அடுத்த மாதமே வால்வு வாங்கி மாட்டினோம்.

எங்கள் இன்ஜின் நேரடியாகக் கடல்தண்ணீரில் குளிர்கிற பழைய வகை. அதில் கேலரிஃபயர் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் அவ்வளவு சூடு வராது. உப்புப் படியக்கூடாது என்பதற்காக இந்த இன்ஜின்களை 50, 60 டிகிரிக்குள்ளேயே ஓடவிடுவார்கள். குளிக்கப் போதும்.

இரண்டு நாளாக நகரவில்லை. வெந்நீருக்காக மட்டும் இன்ஜினை ஓட்டலாமா?

ஓட்டலாம்; ஆனால் அதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். டீசல் இன்ஜின் சுமை இழுத்தால்தான் ஆரோக்கியமாக இருக்கும். சும்மா உறுமிக்கொண்டே நின்றால் முழுச் சூட்டுக்கு வராது. சிலிண்டர் சுவர் மழமழவென்று மெருகேறி, கரி படிந்து, எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். அமைதிக்காக இவ்வளவு தூரம் வந்து நங்கூரம் போட்டிருக்கும் பக்கத்துப் படகுக்காரர் காலை ஏழு மணிக்கு உங்களை எப்படிப் பார்ப்பார் என்பது தனி.

நங்கூரத்திலேயே நாட்கணக்காகக் கிடப்பவர்களுக்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, டீசலில் ஓடும் வாட்டர் ஹீட்டர். ஜெர்மனியின் எபர்ஸ்பேக்கர், வெபாஸ்டோ இரண்டும் லாரிகளுக்கும் படகுகளுக்கும் செய்கின்றன. ஒரு ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. 5 கிலோவாட் சூடு. அரை மணி நேரத்தில் 20 லிட்டர் டாங்கைச் சூடாக்கிவிடும்; கால் லிட்டர் டீசல் போகும். பற்றவைக்கும்போது சில நிமிடம் கரண்டை நன்றாக இழுக்கும், பிறகு விசிறியும் பம்பும் ஓட 3, 4 ஆம்பியர் போதும். குளிர் நாடுகளில் படகில் வசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விலையைக் கேட்டால்தான் வியர்க்கும்.

இரண்டு, சொட்டுச் சொட்டாக டீசல் இறங்கி எரியும் இரும்பு அடுப்பு. டென்மார்க்கின் ரெஃப்லெக்ஸ் அடுப்பை இங்குள்ள மீன்பிடிப் படகுகளில் அதிகம் பார்க்கலாம். கரண்டே வேண்டாம். உள்ளே ஒரு சுருளைப் பொருத்தினால் கேலரிஃபயரையும் சூடாக்கும், மேலே கெட்டிலும் வைக்கலாம், ஈரச் சாக்ஸும் காயும். 32 அடிப் படகில் அதற்கு இடம் ஒதுக்க மனசு வரவேண்டும்.

மூன்றாவது, நாங்கள் செய்வது. கேஸ் அடுப்பில் கெட்டில். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

"ஏய்யா, கடல்ல குளிக்காமலா கெடக்கிய?" (வீடியோ காலில் அத்தை கேட்டது)

இல்லை அத்தை, குளிக்கிறோம். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் கைப்பம்ப் ஸ்ப்ரேயர் தெரியுமல்லவா? புதிதாக ஒன்று வாங்கி, மருந்தே படாமல், குளிப்பதற்கென்றே வைத்திருக்கிறோம். ஐந்து லிட்டர் பிடிக்கும். அடுப்பில் ஒன்றரை லிட்டர் கொதிக்கவைத்து, மூன்று லிட்டர் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றி அதன்மேல் இதை ஊற்றினால் 40 டிகிரிக்கு வந்துவிடும். பத்து தடவை பம்ப் அடித்துவிட்டு, நனை, நிறுத்து, சோப்பு போடு, அலசு. நாலரை லிட்டரில் ஒரு ஆள் தலைக்கே குளித்துவிடலாம். எங்கள் குடிதண்ணீர் டாங்கே 180 லிட்டர்தான். அதற்குள் மூன்று பேர், ஒரு வாரம், சமையலும் சேர்த்து. ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்கிற கதையெல்லாம் இங்கே நடக்காது.

ஒரு லிட்டர் கொதிக்க 15 முதல் 20 கிராம் கேஸ் ஆகிறது. 2.75 கிலோ சிலிண்டர் ஒன்றில் 150 லிட்டர் வரை கொதிக்கவைக்கலாம். காலையில் காபிக்குப் போடும்போதே இரண்டு ஃபிளாஸ்க் நிரப்பிவைத்துவிடுவோம். பகல் முழுக்க அடுப்பைத் தொடவேண்டியதில்லை.

கேஸ் கீசர் மாட்டினால் என்ன? திறந்தவுடன் வெந்நீர் வருமே?

நான் மாட்டமாட்டேன். பழைய படகுகளில் சுவரில் தொங்கும் சின்ன கேஸ் கீசர் சாதாரணமாக இருந்தது. புகை வெளியே போகக் குழாய் இல்லாத வகைகளும் உண்டு. ஊரில் ஜன்னலில்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் ஓடவிட்டு ஆட்கள் இறந்துபோன செய்திகளைப் படித்திருப்பீர்கள். படகின் கேபின் அந்த பாத்ரூமைவிடச் சிறியது. குளிருக்குப் பயந்து எல்லாக் கதவையும் மூடிவைத்திருப்போம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், பிறகு எழுந்திருக்கமாட்டோம்.

கேஸுக்கு இன்னொரு குணம், காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வெளியேறும். படகு என்பது மிதக்கும் அண்டா. கசிந்தது அடியில் போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் சிலிண்டரைத் தனிப் பெட்டியில், அடியில் கடலுக்குத் திறக்கும் ஓட்டையோடு வைக்கிறார்கள். அந்த ஓட்டையில் குப்பை அடைத்திருக்கிறதா என்று சீசன் தொடக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

கீசர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் மூடிய வகையை மட்டும் பாருங்கள். அடுப்பு மட்டும் இருந்தாலும் சரி, கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் படகில் தூங்காதீர்கள்.

குளிரில் இன்னொன்று: பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். அடுப்பு நோஞ்சானாக எரியும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். மார்ச் மாதத்திலும் படகோட்டுபவர்கள் சிவப்பு நிற புரொப்பேன் சிலிண்டருக்கு மாறுவது அதனால்தான்.

பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

மேல்தளத்தில், காற்று வெளிப்பக்கம் அடிக்கும் இடத்தில் வைத்து ஓட்டினால் பேட்டரி சார்ஜ் ஆகும், ஹீட்டர் ராடும் ஓடும். ஆனால் உள்ளே, இன்ஜின் அறையில், பெட்டிக்குள் என்று எங்கேயும் மறைத்துவைத்து ஓட்டக்கூடாது. 2013 ஏப்ரலில் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் ஆர்னிஸ்டன் என்ற மோட்டார் படகில் ஒரு தாயும் மகளும் இப்படித்தான் இறந்தார்கள். இன்ஜின் அறைக்குள் வைத்த ஜெனரேட்டர். கையால் செய்து பொருத்திய புகைக்குழாய் கழன்றுவிட்டது. டீசல் படகில் பெட்ரோல் கேனைச் சுமப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய இன்வெர்ட்டர் போட்டு எலக்ட்ரிக் கெட்டிலை ஓட்டினால்?

முதல் வருடம் செய்து பார்த்தேன். 2,000 வாட் கெட்டில். 12 வோல்ட்டில் அதற்கு 167 ஆம்பியர். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 185 ஆம்பியர். கார் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது மாதிரி, ஆனால் ஒரு நொடி அல்ல, நாலு நிமிடம். நான் போட்டிருந்த ஒயர் பென்சில் தடிமன். இரண்டாவது நிமிடம் ரப்பர் கருகும் வாடை வந்தது. தொட்டுப் பார்த்தேன், கையை வைக்க முடியவில்லை. மூன்றாவது நிமிடம் பேட்டரி வோல்ட் சரிந்து இன்வெர்ட்டர் வீல் என்று கத்தி அணைந்துபோனது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கு மட்டும் அந்த ஒயரில் ஃப்யூஸ் இல்லாமல் இருந்து, உரசி ஷார்ட் ஆகியிருந்தால் படகே எரிந்திருக்கும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் எந்தத் தடித்த ஒயருக்கும், பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வேண்டும்.

லித்தியம் பேட்டரி வந்தபிறகு கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. 200 ஆம்பியர்-மணி லித்தியம் இருந்து, விரல் தடிமன் ஒயரும் போட்டிருந்தால் காபிக்கு ஒரு லிட்டர் கொதிக்கவைப்பது பெரிய செலவல்ல, 0.1 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். வெப்ப நாட்டில், 800 வாட் சோலார் போட்டு, மத்தியானம் பேட்டரி நிரம்பியபிறகு மிஞ்சும் கரண்டை ஹீட்டர் ராடில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம். என் சட்டத்துக்கு அந்த ஒரு விலக்கு உண்டு: மிஞ்சியதை எப்படியும் செலவழிக்கலாம்.

சரி, வெந்நீரை விட்டுவிட்டால் ஒரு நாளைக்கு கரண்ட் எவ்வளவு வேண்டும்?

போன ஜூலையில் நான் நோட்டில் எழுதிவைத்த ஒரு நாள்: ஃப்ரிட்ஜ் 25 ஆம்பியர்-மணி. நாங்கள் ஐந்து மணி நேரம் பாய் விரித்து ஓடியபோது ஆட்டோபைலட் 12. ரேடியோ, ஆழமானி, மேப் திரை எல்லாம் சேர்ந்து 12. போன்களும் ஒரு லேப்டாப்பும் 10. டீசலில் எரியும் கேபின் ஹீட்டர் இரண்டு மணி நேரம், 6. விளக்குகள் 4. பாய்மர உச்சியில் எரியும் நங்கூர விளக்கு 2. தண்ணீர் பம்ப் 2. மொத்தம் 73; அதாவது 880 வாட்-மணி சுமார். நகராமல் கிடந்தால் 50-ஐ ஒட்டி முடிந்துவிடும்.

இதில் வில்லன் யார் என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் இரவு பகல் பாராமல் விட்டுவிட்டு ஓடும். வெப்பமண்டலத்தில் இதே ஃப்ரிட்ஜ் இரண்டு மடங்கு குடிக்கும். எங்கள் பெட்டியைச் சுற்றி இன்னும் இரண்டு அங்குலம் நுரைத் தகடு ஒட்டியதில் சேமித்த கரண்ட், அதே காசுக்கு வாங்கிய எந்தச் சாமானும் தந்ததைவிட அதிகம். சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் வைக்கப்போகிறீர்களா? 30 வாட் இழுக்கும் சின்ன டிஷ்கூட, நாள் முழுக்க ஆன் செய்துவைத்தால் 60 ஆம்பியர்-மணி. இன்னொரு படகு அளவு செலவு.

ஸ்காட்லாந்தில் போய் சோலாரா? வெயிலே இல்லையே?

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஜூனில் இங்கே இரவு பத்து மணிக்குமேல்தான் சூரியன் மறைகிறது. 100 வாட் பேனலைப் படுக்கைவசமாக வைத்தாலே நல்ல நாளில் 300 வாட்-மணிக்குமேல் தரும். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. நங்கூரத்தில் கிடக்கும் நாளின் செலவு அதிலேயே ஈடாகிவிடுகிறது. டிசம்பரில் அதே பேனல் 20, 30 வாட்-மணி தந்தால் அதிகம். போன் சார்ஜ் போடலாம்.

பாய்மரப் படகில் சோலாருக்கு எதிரி மேகத்தைவிட நிழல். பாயைத் தாங்கும் கிடைமரம், அதற்கு மேலே கட்டியிருக்கும் கயிறுகள், ரேடார், கொடிக்கம்பு என்று எதன் நிழலாவது விழுந்துகொண்டே இருக்கும். பேனலின் செல்கள் மாலைபோல் தொடராகக் கோத்தவை. ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் தொய்ந்துவிடும். ஒருநாள் மத்தியானம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிடைமரத்தைக் கயிற்றால் இழுத்து ஓரமாகக் கட்டினேன். 3 ஆம்பியர் 8 ஆனது. அன்றிலிருந்து நங்கூரம் போட்டதும் முதல் வேலை கிடைமரத்தை ஒதுக்குவது. இரண்டு பேனலையும் தனித்தனி கன்ட்ரோலரில் (பேனலின் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) கொடுத்தால் ஒன்று நிழலில் மாட்டினாலும் மற்றது பிழைக்கும். பேனலிலிருந்து முடிந்த அளவு சக்தியைக் கறக்கும் எம்.பி.பி.டி. வகை கன்ட்ரோலரே வாங்குங்கள்.

காற்றாலை?

காற்றுக்காகவே வாழும் படகில் காற்றாலை வைப்பது பொருத்தமாகத் தெரியும். ஒரு சிக்கல். காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும்; அதைத் திருப்பிப் படித்தால், வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. 20 நாட் (மணிக்கு 37 கி.மீ.) காற்றில் ஜோராகச் சுற்றும் விசிறி 10 நாட் காற்றில் ஒரு ஆம்பியர் சொச்சம்தான் தரும். நாமோ நங்கூரம் போடக் காற்று அடிக்காத இடமாகத் தேடித் தேடிப் போகிறோம். போதாததற்கு சத்தம். சில மாடல்களின் சத்தம் தலைக்குமேல் ஹெலிகாப்டர் நிற்பது போலிருக்கும். குளிர்காலத்திலும் படகில் வசிப்பவர்களுக்குச் சரி. கோடைப் பயணத்துக்கு நான் வாங்கமாட்டேன்.

படகு ஓடும்போது தண்ணீரிலிருந்தே கரண்ட் எடுக்கலாமாமே?

ஆம். பின்புறம் ஒரு சின்ன புரொபெல்லரைத் தண்ணீரில் இறக்கினால் படகு ஓட ஓட அது சுற்றிச் சார்ஜ் ஆகும். உலகைத் தனியாளாகச் சுற்றும் வாண்டே குளோப் பந்தயத்தின் படகுகளில் இதைப் பார்க்கலாம். இவற்றைச் செய்யும் வாட் அண்ட் சீ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான யானிக் பெஸ்தாவென்தான் 2020-21 பந்தயத்தை வென்றவர். ஆனால் நாள்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும் பெருங்கடல் பயணத்துக்கானது இது. ஐந்து மணி நேரம் ஓடி அடுத்த விரிகுடாவில் நிற்கும் எங்களுக்கு வேலைக்காகாது.

இன்ஜின் ஓடும்போது அதோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யுமே? தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடாதா?

ஈய-அமில பேட்டரி நிரம்பாது. ஆல்டர்னேட்டரின் மேல் 60 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். எங்கள் பழைய பேட்டரிக்கு ஆரம்பத்தில் 40 வந்தது, அரை மணியில் 20 ஆனது, முக்கால்வாசி நிரம்பியபிறகு ஒற்றை இலக்கம். பஸ்ஸில் கூட்டம் ஏறுகிற மாதிரி. முதல் நாற்பது பேர் நிமிடத்தில் ஏறிவிடுவார்கள், கடைசிப் பத்து பேர் இடுக்கில் நுழையப் பாடுபடவேண்டும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். தினமும் முக்கால்வாசியோடு நிறுத்திக்கொண்டே வந்தால் தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி மெல்ல மெல்லச் சுருங்கும். அந்தக் கடைசி 20 சதவீதத்தைத்தான் சோலார் சத்தமில்லாமல், நாள் முழுக்க, நிதானமாக நிரப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் நல்ல ஜோடி.

லித்தியத்துக்கு மாறலாமா?

போன வருடம் மாறினோம். எடை பாதிக்கும் கீழே. 80, 90 சதவீதம் வரை செலவழிக்கலாம். கடைசிவரை வேகமாகச் சார்ஜ் ஆகும். ஆனால் பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டு இதை அப்படியே வைத்துவிட முடியாது. இது எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும். ஆல்டர்னேட்டரும் இருப்பதையெல்லாம் கொடுத்துச் சூடேறிக் கருகும். உள்ளே காவலுக்கு இருக்கும் பி.எம்.எஸ். திடீரென்று பேட்டரியைத் துண்டித்தால், போக்கிடமில்லாத கரண்ட் வோல்ட்டை எகிறவைத்து ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கொன்றுவிடும். அதனால் ஆல்டர்னேட்டர் பழைய வகை ஸ்டார்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்ய, அங்கிருந்து 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று அளந்து லித்தியத்துக்குக் கொடுக்கிற மாதிரி செய்திருக்கிறோம். 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

விளக்கை எரியவிட்டுத் தூங்கி, காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் போனால்?

ஆகும். ஸ்டார்ட்டர் பேட்டரி தனி. அதில் ஸ்டார்ட்டர் மோட்டாரையும், இன்ஜின் ஓடும்போது மட்டும் இழுக்கும் அந்த டி.சி.-டி.சி. சார்ஜரையும் தவிர வேறெதையும் மாட்டக்கூடாது.

புதிதாகப் படகு வாங்கியிருக்கிறேன். முதலில் எதற்குக் காசு போடலாம்?

பேட்டரி மானிட்டருக்கு. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று ஆம்பியர்-மணியில் எண்ணிச் சொல்லும் மீட்டர். வோல்ட்டைப் பார்த்துப் பேட்டரியை மதிப்பிடுவது, பர்ஸைத் தூக்கிப்பார்த்துப் பணம் எண்ணுகிற மாதிரி. ஒரு வாரம் அதைப் பார்த்தபிறகு பாதி ஆசைகள் தானாகவே அடங்கிவிடும். அடுத்து பல்புகளை எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், ஃப்ரிட்ஜ் பெட்டிக்கு நுரைத் தகடு ஒட்டுங்கள். பிறகு சோலார். கேலரிஃபயர் ஏற்கெனவே இருந்தால் அதன் ரப்பர் குழாய்களுக்கும் பஞ்சு சுற்றுங்கள். பலர் டாங்கைப் போர்த்திவிட்டுக் குழாயை அம்மணமாக விட்டுவிடுகிறார்கள். லித்தியம், டீசல் ஹீட்டர் இரண்டும் இரண்டாவது வருடத்துக்கு.

குளிர்காலத்தில் படகை விட்டுப் போகும்போது வெந்நீர் டாங்கை என்ன செய்வது?

காலி செய்யுங்கள். தண்ணீர் உறைந்தால் விரியும். டாங்க் வெடித்துவிட்டது ஏப்ரலில் பம்பைப் போடும்போதுதான் தெரியும். கீழே இருக்கும் வடிகுழாயைத் திறந்து, மேலே பிரஷர் வால்வின் குமிழைத் தூக்கிப்பிடித்தால்தான் காற்று உள்ளே போய்த் தண்ணீர் முழுக்க இறங்கும். குழாய்களைத் திறந்தே வையுங்கள், பம்புக்குள் நிற்கும் தண்ணீரையும் ஓட்டி வெளியேற்றுங்கள். ஹீட்டர் ராடின் ஸ்விட்சில் டேப் ஒட்டி "தண்ணி இல்ல" என்று எழுதிவையுங்கள். எங்களில் ஒருவர் பிப்ரவரியில் படகைப் பார்க்கப் போனவர், கரை கரண்டைச் செருகி, காலி டாங்கில் ராடை ஓட்டி எரித்துவிட்டார். அந்த டேப் இன்னும் அங்கேயே இருக்கிறது. எழுத்துதான் மங்கிவிட்டது, வருடா வருடம் பேனாவால் மேலே எழுதுகிறோம்.